கொடி மாற்றிய புஷ்பா டீச்சர்

இன்டர்நெட் கடை வைத்தவனுக்கு ஊர்ச் சண்டை போதாதென்று உலகச் சண்டையும் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது, என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததல்ல.

எந்த நாடு?

இலங்கையில், வரக்காப்பொல பஸாரில் என் கடைக்கு அப்போது நாலே நாலு கம்ப்யூட்டர். றப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்துப் புஷ்பா டீச்சர் பின்னேரத்தில் வந்து ஒரு தளத்தில் செஸ் ஆடுவார். ஆட்டம் என்றால் ஆட்டம், எதிராளி மூச்சுவிட நேரம் கிடைக்காது! ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி. கடல் தாண்டாத மனுசிக்கு இதென்ன என்று கேட்டேன்.

"பர்த் சர்ட்டிபிகட்ல இந்தியத் தமிழர்னுதானேண்ணே போட்டிருக்கு? நாடு எதுன்னு கேட்டுச்சு, அதையே அமுக்கிட்டேன்."

பக்கத்து நாற்காலி எதிரி

திரீவீல் ஓட்டும் நிமலும் அதே தளத்தில்தான் ஆடுவான். இலங்கை அணிக்கு அவன்தான் தலைவன். ஞாயிற்றுக்கிழமை இந்தியாவோடு மேட்ச். எதிரணியில் பயங்கரமான ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தவன், அந்த ஆள் பக்கத்து நாற்காலியில் பிளேன்டீ குடிப்பதைக் கண்டுபிடித்த அன்று கடையே அதிர்ந்தது. நாட்டை மாற்றச் சொல்லிக் கெஞ்சினான். டீச்சருக்கும் ஆசைதான். ஆனால் ஒருமுறை போட்ட நாட்டை மாற்றத் தளம் விடாது.

"டீச்சர், நம்ம ஊர்ல இருந்துகிட்டு நம்மளுக்கே அடிக்கிறது ஹரி இல்ல, ஹொந்தட்டம வெரதி, ரொம்பத் தப்பு."

வாக்கெடுப்பு

நல்ல காலம், நாட்டை மாற்ற விடலாமா என்று தளமே எல்லா ஆட்டக்காரரிடமும் வாக்குக் கேட்டது. எனக்குக் கை பரபரத்தது. அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை: துணிக்கடைச் சிவலிங்கம் முதலாளி. அவரும் ஆடுகிறவர். மாற்ற விட்டால் ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்து வாராவாரம் தாவுவார்கள், அப்புறம் மேட்ச் எதற்கு என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே சட்டென்று மௌஸை இழுத்தார்.

"ஒரு தடவ மாத்த விடலாம்னு போடுறேன், ரெண்டாந்தடவைன்னா நானே எதிர்ப்பேன், சொல்லிட்டேன்."

ஒரே ஒரு தடவை

அவர் மாதிரியே உலகத்தில் நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அனுமதி வந்தது, ஒருமுறை மட்டும். நிச்சயமா, இனி மாற்ற முடியாது என்று திரை கேட்டது. டீச்சர் முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அமுக்கினார். சிங்கக் கொடி வந்து உட்கார்ந்தது. நிமல் அடித்த விசில் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டிருக்கும்!

மறுநாள் மேட்ச் சமநிலையில் நிற்க, மிச்சமிருந்தது டீச்சர் ஆட்டம்தான். ராணியைப் பலி கொடுத்தார். அடுத்த சில நகர்த்தலில் எதிராளியின் ராஜா மூலையில் மாட்டினார். நாங்கள் கூத்தாடினோம். முதலாளி எல்லாருக்கும் சோடா வாங்கி வந்தார். டீச்சர் மட்டும் எழும்பவில்லை. பெயருக்குப் பக்கத்திலிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்குக் கச்சேரி ஆபீசுக்கு நடையா நடந்து, அது கைக்கு வர முந்தியே போய்ச் சேந்துட்டாருண்ணே. எனக்கு ஒரு அமுக்குல வந்துருச்சு."

கச்சேரி ஒரு ஆயுசில் முடிக்காத வேலையை நம் கடை ஒரு பின்னேரத்தில் முடித்துக் கொடுத்தது, அதிலும் பாதி நேரம் பக்கம் திறப்பதற்காகக் காத்திருந்ததுதான்.