முழங்கையால் வந்த பக்தி

என்னைப் பக்திமான் என்று இன்றைக்கு யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரியில், எனக்குப் பத்து வயதாகியிருந்தபோது, ஒரு தவக்காலம் முழுக்க நான் புனிதனாகக் கருதப்பட்டேன். அதைவிட வெட்கக்கேடு, அதை நானும் நம்பியதுதான். காரணம் என் ஆத்துமா அல்ல; வலது முழங்கை.

அதை உடைத்துக்கொண்டதும் என் சொந்த முயற்சியால்தான். அந்த நாளில் ஊரில் புஷ் வண்டி என்று ஒன்று ஓடியது. பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கனவான் கையில் இருக்கும். ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட வந்திருந்தார். அவரை ஏற்றிவந்த வண்டி வாசலில் சும்மா நின்றது. வண்டிக்காரர் மோர் குடிக்கப் போயிருந்தார். அண்ணன் தள்ள, நான் கனவானானேன். தெருமுனையில் எதிரே வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைத் தொட்டார். மரியாதை எனக்குத்தான் என்று எண்ணி, என் தலையில் இல்லாத தொப்பியைத் தொடுவதற்காகக் கம்பியை விட்டேன். வண்டி நேராகப் போய்ச் சாக்கடைக் கல்லில் முட்டியது.

அரியாங்குப்பத்துக் கட்டு வைத்தியர் வந்து, முட்டைப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஆனால் கட்டை அவிழ்த்தபோது கை மடங்கவுமில்லை, நீளவுமில்லை. மனுக் கொடுக்க வந்தவன் கை மாதிரி பாதியிலேயே நின்றுவிட்டது.

இதில் இரண்டு வசதிகள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். கை வாய்க்கு எட்டாததால் அம்மா ஊட்டிவிட்டாள். இன்னொன்று கோயிலில். இடது கையால் சிலுவை அடையாளம் போடக்கூடாது. வலது கையோ நெற்றிக்குப் போகாது. ஆகவே நெற்றியைக் கைக்குக் கொண்டுபோனேன். இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, மெல்ல. ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் இதைப் பார்த்துவிட்டு, மற்ற பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, வணக்கம் என்றால் இதுதான் என்று அரை மணி நேரம் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளின் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார். என்னைச் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்புவதென்று அம்மா அன்று மாலையே அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் எதிரி ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் அப்பாவின் அக்கா. அத்தையின் கணவர் சைகோனில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். அதன்பிறகு அத்தை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், கன்னியாஸ்திரிகளுக்குக் கீழே வேலை பார்த்தாள். உடைந்து தேறிய சிப்பாய்களின் கைகால்களை மறுபடியும் வேலை வாங்கப் பழக்கும் அறையில் அவளுக்கு வேலை. ஊர் திரும்பி எங்கள் பின்கட்டில் குடியிருந்தாள். தோள் பிடித்துக்கொண்டவர்களும் பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவர்களும் ஒவ்வொருவராக அவளிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். தாலியறுத்தவள் ஊரார் உடம்பைப் பிசைவதாவது என்று ஒரு பேச்சும் தெருவில் இருந்தது. அத்தை காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அம்மா எண்ணெய் காய்ச்சி, என் கையைப் பிடித்து இழுக்க ஒரு பலசாலியையும் வரச்சொல்லியிருந்தாள். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தாள்.

"முழங்கைய மட்டும் யாரும் புடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் இறுகிக்கும். கட்டினவரு வேலை ஒட்ட வெக்கறது, ஒட்ட வெச்சுட்டாரு. ஆட வெக்கறது என் வேலை. ஆனா மடக்கவேண்டியவன் இவன்தான். புதுநன்மைக்குள்ள மடக்கலன்னா ஆயுசுக்கும் இப்பிடியேதான்."

ஆயுசுக்கும் இப்படியே என்பது எனக்கு மோசமாகப் படவில்லை. கை மடங்கிவிட்டால் நான் ஏன் குனியப்போகிறேன்? குனியாவிட்டால் முதல் இடம் என்னாவது? அத்தை மடக்கச் சொன்னபோதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தோளை மட்டும் ஆட்டினேன்.

"தோள ஆட்டி யாரை ஏமாத்தற? பட்டாளத்துக்குத் திரும்பிப் போவக்கூடாதுன்னு காலு வரல கையி வரலன்னு படுத்துகினு இருந்தவனுங்கள எல்லாம் ஓட வெச்சவடா நான்."

மறுநாள் மத்தியானம் என்னை நேர்முதுகு நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தாள். சைகோனிலிருந்து கொண்டுவந்த பட்டுச் சால்வையால் என் மார்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். முன்னால் மேசையில் ஒரு தட்டு நிறைய எறா வறுவல். தேங்காய்த்திட்டு மீனவர்களிடமிருந்து காலையில் வந்த எறா.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு வாய் ஊட்டிடறேன், அண்ணி."

"ஊட்டினா கை எதுக்கும்மா மடங்கப்போவுது?"

தவக்காலம், நான் உபவாசம் என்று அறிவித்தேன். நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அத்தை எதிரே உட்கார்ந்து ஓர் எறாவை எடுத்து, வால்வரை ரசித்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. தட்டு குறைந்துகொண்டே வந்தது. புனிதர்களுக்கு வந்த சோதனைகளைப் பற்றி உபதேசியார் நிறையச் சொல்லியிருக்கிறார். அவற்றில் மிளகு போட்டு வறுத்தது எதுவும் கிடையாது.

ஓர் எறாவை எடுத்தேன். வழக்கம்போலத் தலையைக் கொண்டுபோகப் பார்த்தேன், சால்வை விடவில்லை. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். முழங்கை விட்டுக்கொடுத்தது, ஒரு நூலளவு. கண்ணில் தண்ணீர் வந்தது. எறாவின் வால் உதட்டைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தையே தட்டை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் போனால் வீங்கும், வீங்கினால் நாளைய வேலை கெடும் என்றாள்.

அதன்பிறகு தினமும் அதேதான். வெந்நீரில் கையை ஊறப்போடுவாள். கை நீளுவதற்காக மேசையைக் கடைசி ஓரம்வரை துணியால் துடைக்கச் சொல்வாள். மடங்குவதற்குச் சாப்பாடு. உதட்டுக்கு வந்த கை மூக்குக்கு வந்தது. புருவத்துக்கு வந்தது. தவக்காலத்தை முடிக்கும் பாஸ்குத் திருநாள் கழிந்து, புதுநன்மைக்கு முந்தின நாள், நெற்றிக்கு வந்தது.

காலையில் வெள்ளைச் சட்டையும் மெழுகுவர்த்தியுமாக வரிசையின் முதலில் நடந்தேன். பீடத்தின் முன்னால் எப்படியும் குனிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த சின்னத் தந்திரம்தானே. ஆனால் முழங்கைக்கு அது தெரியவில்லை. பழக்கத்தில் கை தானாக எழுந்தது; மடங்கியது; நெற்றியைத் தொட்டது. முதுகு கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. புனிதன் ஒருவன் வீழ்ந்ததைக் கண்டு கோயில் அதிரும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் இருமினார்.

பெண்கள் பக்கம் முதல் வரிசையிலிருந்த அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவ வருகையை எண்ணி உருகுகிறாள் என்று நினைத்தேன். பூசை முழுக்க அவள் பீடத்தைப் பார்க்கவே இல்லை, என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால், தோளும் முழங்காலும் வலித்த பாதித் தெருவும் அதே முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் கை சரியாகாவிட்டால் பின்கட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அப்பா தன் அக்காவிடம் சொல்லியிருந்தாராம். அது எனக்குத் தெரிந்தது மீசை முளைத்த பிறகு. அவளுடைய பிழைப்பை இடுப்பை வளைத்தே கெடுக்கப் பார்த்தவன் நான்.

பூசை முடிந்து கோயில் படியில் அம்மா சாமியாரைப் பிடித்துக்கொண்டாள். இவனுடைய பக்தியைப் பார்த்து முதல் இடம் கொடுத்தீர்களே, குருமடத்துக்கு எப்போது அனுப்பலாம் என்று கேட்டாள்.

சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பக்தியா? இருக்கறதுல இவந்தாம்மா குள்ளம். பின்னால விட்டா மெழுகுவத்தி மட்டுந்தான் தெரியும்."