நடுவில் எதுவும் நடாத தோட்டம்

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு ஓர் ஆண்டு. முதலாண்டு நினைவுச் சடங்குக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுகிறேன். "அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க அத்தை" என்று அண்ணன் மகன் குமரன் கேட்டான். நல்லதையே எழுதுகிறேன். ஆனால் அண்ணன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத எனக்கு வரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டில். அப்பா மரம் சீவினார், அம்மா களை வெட்டும் கூட்டத்தில் இருந்தார். அண்ணன் தமிழ்ப்பள்ளியை முடித்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் கால் விழுந்துவிட்டது. மறுவாரமே அண்ணன் அப்பாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போனார். எஸ்டேட்டில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குளுவாங் டவுனுக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு சிங்கப்பூர் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாய்ந்து வீடு திரும்புவார். அப்படி உழைத்துத்தான் தாமான் குடியிருப்பில் இந்த மூலை வீட்டை வாங்கினார்.

எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை இறக்கிப் போடுவது அண்ணன்தான். முன்வரிசையில் உட்காரும் ஆசை அவருக்குக் கிடையாது. யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார். வயதானவர் யாராவது வெயிலில் நின்றால், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டுவிட்டு, தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிடுவார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அவரை நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் என்றே நினைத்துக்கொண்டு, "இன்னும் பத்து கொண்டாங்க" என்று அதட்டியிருக்கிறார்கள். அவரும் கொண்டு வந்து போட்டார். நான்தான் மணவறையில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடித்தேன்.

எங்கள் பக்கம் தோட்டம் என்றால் எஸ்டேட்தான். வீட்டு முன்னால் செடி வைத்திருந்த இடத்தை அண்ணி வாசல் என்றே சொல்வார். மூலை வீடு என்பதால் வாசல் பெரிது. அண்ணி அதில் கால் வைக்க இடம் விடாமல் நட்டார். கறிவேப்பிலை, முருங்கை, வாழை, சமையல் வாசனைக்குப் பாண்டான், செம்பருத்தி, நட்டநடுவில் ஒரு மல்லிகைப் புதர். அதற்கு அண்ணன் இரும்புக் குழாய் நட்டு வளைவு கட்டிக் கொடுத்திருந்தார்.

அண்ணி சிறுநீரகக் கோளாறால் இறந்தது அடைமழைக் காலத்தில். வாசல் முழுக்கச் செடி. அதனால் பந்தலை ரோட்டில்தான் போட வேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பித் தண்ணீர் நாற்காலிக் கால்களுக்குக் கீழே ஓடியது, வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பெரியப்பா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அண்ணன் பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் அழ வேண்டிய நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் வாசலில் இறங்கவே இல்லை. லாலாங் புல் தோள் உயரத்துக்கு வளர்ந்தது. உடைந்த தொட்டிகளில் கொசு. வாழை தன் பாட்டுக்குக் கன்று விட்டு அடைத்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழைவதற்குக் கேட்டிலிருந்து கதவு வரை ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் மிச்சம்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி கழிந்து அண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது. சிகாமட்டில் என் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். நானும் கணவரை இழந்தவள்தான், பள்ளிக்கூடக் கெண்டினில் சமைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள், எனக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இதயத்தில் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்டது, பாரம் தூக்குவதும் குனிந்து வெட்டுவதும் ஆளைக் கொன்றுவிடும் என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. அண்ணன் மூச்சைக் காவல் காப்பது.

பொங்கல் முடிந்து மழை விட்டதும் அண்ணன் ஆரம்பித்தார்.

"பாப்பா, சீனப் பெருநாளுக்குள்ள இந்த வாசலைச் சரி பண்ணிடணும். அப்புறம் வெயில் புடிச்சிக்கும், மண்ணு கல்லாயிரும்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா அண்ணே?"

"பாரம் தூக்கக் கூடாதுன்னாரு. புல்லு என்னா பாரம்?"

"குனியவும் கூடாதுன்னாரு."

"உக்காந்துக்கிட்டு செய்யலாம்ல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் மண்வெட்டியை அரிசித் தோம்புக்குப் பின்னால் ஒளித்தேன், பாராங் கத்தியை அலமாரி மேல் தூக்கிப் போட்டேன்.

இரண்டொரு நாளில் மார்க்கெட் போய்த் திரும்பினேன். கதவு திறந்திருந்தது, தொலைக்காட்சி ஓடியது, நாற்காலி காலி. குளியலறையில் இல்லை. பின்கட்டில் இல்லை. "அண்ணே" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டு ரொகாயா வேலிக்கு மேலாகப் புல்லைக் கை காட்டினார். லாலாங்கை இரு கையாலும் விலக்கிக்கொண்டு போனேன், அதன் விளிம்பு கையைக் கீறிக்கொண்டே வந்தது. மல்லிகைப் பக்கம் வரும்வரை ஆளைக் காணவில்லை.

அங்கே அண்ணன் நான் தேங்காய் துருவ உட்காரும் மணைக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கையில் என் காய்கறிக் கத்தி. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு, பேச முடியாமல், பொறு என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அவரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் சுத்தமாகியிருந்தது.

மூச்சு திரும்பும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். திரும்பியதும் சண்டைக்குப் பிடித்துக்கொண்டேன்.

"சாகணும்னா சொல்லிட்டுச் சாவுங்க. நான் சிகாமட்டுக்குப் போயிடறேன். என் கண்ணு முன்னால வேணாம்."

அவர் கத்தியை என் பக்கம் நீட்டினார். பிறகு, "போயிடாத பாப்பா. நீ சொல்ற மாதிரி கேக்கறேன். ஆனா வேலை நிக்கக் கூடாது" என்றார்.

ஆகவே வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டு நிழலில் நாற்காலியில் உட்கார வேண்டும், எழுந்தால் நான் மண்வெட்டியைப் போட்டுவிடுவேன் என்பது ஒப்பந்தம். புல் வெட்டும் மிஷின்காரரை வைத்து லாலாங்கைச் சாய்த்தோம். வேரை நான் தோண்டினேன். வெள்ளை நூல் மாதிரி போகும் அந்த வேரில் ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் மறு மழைக்கு மொத்தமும் வந்து நிற்கும், களை வெட்டுகிறவள் பெற்ற பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீர் நூலாக வரும் என்று கூரையோரம் நீலப் பீப்பாய்களை வைத்து, மிச்சமிருந்த மழையைப் பிடித்தோம். வெட்டிய புல்லைக் காயவைத்துச் செடிகளின் காலடியில் பரப்பினோம். குனிந்து வெட்டும்போதெல்லாம் என் காது நாற்காலிப் பக்கமே இருந்தது. அவர் இருமினால் நிமிர்வேன். இருமாமல் இருந்தால் அதைவிட வேகமாக நிமிர்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து குமரன் வந்தான். நானும் அவன் அப்பாவும் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "சிமெண்டு போட்டுடலாம்பா. ஒரு நாள் வேலை. புல்லும் கிடையாது, சண்டையும் கிடையாது" என்றான்.

"சிமெண்டு சூடு ஏத்தும்டா. மனுசன் உக்கார முடியாது" என்று அண்ணன் அவன் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் பெரிய சண்டை அதற்கு அப்புறம்தான் வந்தது. வாழை, செம்பருத்தி எல்லாவற்றையும் வேலி ஓரமாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். நடுவில் மேடு பள்ளம் இல்லாமல் நிரவச் சொன்னார். நிரவினேன். கடைசியில் மல்லிகையையும் பெயர்த்து கேட்டோரம் வைக்கச் சொன்னார்.

"முடியாது. இது அண்ணி வெச்சது. இவ்ளோ பெரிய செடிய வெயிலுக்கு முன்னால பேத்தா பொழைக்காது."

"பேத்துடு பாப்பா."

"நடுவுல என்னா வைக்கப் போறீங்க?"

"ஒண்ணும் வேணாம். காத்து வரட்டும்."

"செத்துப்போனா பழி உங்க மேலதான்."

"என் மேலயே இருக்கட்டும்."

நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒப்பந்தத்தை மீறி எழுந்து வந்தார். மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தார். கையாலேயே வேரைச் சுற்றி மண்ணை எடுத்தார். கொஞ்சம் எடுப்பார், நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், மறுபடி எடுப்பார். தடுக்க ஓடினால் கோபத்தில் அவருக்கு நெஞ்சு அடைக்குமோ, தடுக்காமல் விட்டால் வேலையில் அடைக்குமோ என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் போய் எதிரில் உட்கார்ந்து நானும் தோண்டினேன். மண்ணோடு செடியைச் சாக்கில் வைத்து, நான் இழுக்க, அவர் பின்னால் நடந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அப்படியானால் எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

சீனப் பெருநாளுக்கு முன் எல்லாம் முடிந்தது. அடுத்து வெயில் வந்தது. ஊரே வெந்தது, வேலியோரச் செடிகள் தாக்குப்பிடித்தன. மல்லிகை மட்டும் இலையை உதிர்த்துக்கொண்டே இருந்தது. அண்ணன் காலையும் மாலையும் பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டு, மெல்ல நடந்துபோய் அதற்கு ஊற்றுவார். திரும்பி வந்து, வெறுமையாகக் கிடக்கும் அந்த நடுவிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். கோப்பி கேட்டார். கலக்கிக் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். வாசல் வேலைதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, எப்படியும் வந்திருக்கலாம்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இந்த ஓராண்டும் கழிந்தது.

மதியம் பந்தல் போடும் மணியம் லாரியோடு வந்து இறங்கினார். பழைய ஞாபகத்தில் ரோட்டைக் காட்டினேன். அவர் கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே பார்த்தார்.

"ரோட்டுல ஏன்க்கா? அண்ணந்தான் எடம் பண்ணி வெச்சிருக்காரே."

"என்னா எடம்?"

"சீனப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முந்தி கூப்பிட்டாரு. நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. இதுல ஒரு கேமாப் பந்தல் நிக்குமா, எல்லாரும் உள்ள உக்காரலாமான்னு கேட்டாரு. நான் அடி வெச்சு அளந்து பார்த்தேன். கொஞ்சம் இடிக்கும்ணே, நடுவுல மல்லி நிக்குதேன்னு சொன்னேன். சரி, எடுத்துடறேன்னாரு. வீட்டுல கல்யாணமாண்ணேன்னு கேட்டேன்." மணியம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "சிரிச்சாரு. வெயில் நேரத்துல வரவங்க நிக்கக் கூடாதுல்ல தம்பின்னாரு."

என் காதில் அதன்பிறகு ஒன்றும் விழவில்லை. நான் நிரவிக் கொடுத்த மண்ணில்தான் கம்பங்களை ஊன்றினார்கள். தன்னுடைய சாவுப் பந்தலுக்கு அண்ணன் என்னையே வேலை வாங்கியிருக்கிறார். அது தெரியாமல் நானும் அந்த மூச்சைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வேரை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்திருக்கிறேன். என் கோபம் இதுதான். இன்றும் ஆறவில்லை.

அன்று வந்த ஒருவரும் வெயிலில் நிற்கவில்லை. பெரியப்பாவை முதல் நாற்காலியில் உட்கார வைத்தோம்.

அண்ணனின் கடைசி மாதங்களில் அவரைப் பரிவோடு பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் தாதியருக்கும், சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தெரிந்து எங்களைக் கேட்காமலேயே சைவமாகச் சமைத்து அனுப்பிய ரொகாயாவுக்கும், பந்தலுக்கு வாடகை வாங்க மறுத்த மணியத்துக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், தொலைவிலிருந்து வேலையை விட்டு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அண்ணனுக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மல்லிகை பிழைக்கவில்லை. ஆனால் அது பட்டுப்போகும் முன்பே ரொகாயா ஒரு கொப்பை ஒடித்துத் தொட்டியில் ஊன்றி வைத்திருந்தார், அது துளிர்த்துவிட்டது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பதும் அதே நடுவிடம்தான். நிதானமாகச் சாப்பிடுங்கள், யாரும் நிற்க வேண்டாம். நாளை பந்தலைப் பிரித்ததும் அந்தக் கன்றை இங்கே, பழைய இடத்திலேயே நடப்போகிறேன். எனக்குப் பந்தல் போடும் நாள் வந்தால் ரோட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.