மிதிகட்டையில் படித்த வரலாறு

போன வாரம் கையில் செல்போனோடு ஒரு பையன் வந்தான். "ஸ்கூலுக்கு வெளிய நீங்க எப்படிக் கத்துக்கினீங்க? ஆராய்ச்சி பண்றேன் சார்" என்றான். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினேன். என்னை முரடன் என்று நினைக்காதீர்கள். முரடன்தான், ஆனால் காரணம் உண்டு.

கதவு 'தடக்' என்றது. தறியின் மிதிகட்டையும் அப்படித்தான் சத்தம் போடும்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு ஒருவரையொருவர் வெறுத்துப் பிரிந்திருந்தோம். ஆரணியில் நான் நெய்த தறிக் கொட்டகையில் என் பக்கத்துத் தறி சரோஜாக்காவுடையது. புருஷன் விட்டுப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை. பத்தாவது பாஸ் செய்தால் பால்வாடி வேலை கிடைக்கும். அடுத்த வருடம் அந்த வேலைக்கான வயது அவளுக்குத் தாண்டிவிடும். அதனால் தனித்தேர்வு எழுதத் துணிந்தாள். கிண்டல் செய்ய ஓர் ஆள் வேண்டுமே என்று நானும் விண்ணப்பம் போட்டேன்.

நெய்கிற கையால் புத்தகம் பிடிப்பது எப்படி? நூல் சுற்றும் ஷெரீப் பாய் ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே, மடியில் புத்தகத்தை விரித்து உரக்கப் படிப்பார். ஒரு வரிக்கு ஒரு மிதி. பானிப்பட்டுப் போர் இடது கால், அதன் முதல் காரணம் வலது கால்.

"ஜல்தி மிதிம்மா, பாபர் வந்துகினு இருக்கான்!" என்பார்.

பாபருக்கு முன்னால் ஒரு வாத்தியார் வந்தார். பெரணமல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர். தன் மேல்படிப்புக்கு எங்களை ஆராய்ச்சி செய்தார். சட்டைப்பையில் மூன்று பேனா.

"போர்டு இல்லாம பாடம் எப்படிப்பா மனசுல நிக்குது?"

"கால்லதான் சார் நிக்குது. பரீட்சையிலயும் தட்டித் தட்டியே ஒருத்தருக்கொருத்தர் விடை சொல்லிக்குவோம்."

எழுதிக்கொண்டார். மடையன்.

"இன்னாடா இப்டிப் புளுகுற? வம்பாயிடப் போவுது" என்றாள் சரோஜாக்கா.

"உடுக்கா. இத எவன் படிக்கப் போறான்?"

அவரே படித்திருக்கிறார். வரலாற்றுத் தேர்வன்று எங்கள் ஹாலுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் அவர்தான். சரோஜாக்காவுக்குப் பின் பெஞ்சில் நான். கேள்வித்தாள் வந்ததும் அவள் கண்ணை மூடினாள். கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. இடது, வலது. எழுதினாள். மறுபடி இடது.

மூன்று பேனாவும் அவளிடம் வந்து நின்றன.

"யாருக்கும்மா தட்டற?"

"யாருக்கும் இல்லீங்க சார். மிதிச்சாத்தாங்க நெனப்பு வருது."

"பொய் சொல்லாத. உங்க ஆளே எங்கிட்ட சொல்லிட்டான்."

தாளைப் பிடுங்கிக்கொண்டார். சரோஜாக்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து, புளுகியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தாளும் போகும். குனிந்து பானிப்பட்டுப் போரின் காரணங்களை எழுதினேன். ஐந்தும் சரி.

வரலாறு பாஸ். கணக்கில் வழக்கம்போல ஃபெயில்.

அந்தத் தேர்வுக்கு மறுநாளே ஷெரீப் பாய் பழக்கதோஷத்தில் புத்தகத்தைப் பிரித்தார். "மூடிடு பாய்" என்றாள் சரோஜாக்கா. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் யாரும் எதையும் படிக்கவில்லை. என்னிடம் அவள் பேசவும் இல்லை.

அந்த வாத்தியாரை இன்றைக்கும் திட்டுகிறேன். அவரைத் திட்டுவது சௌகரியமாக இருக்கிறது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டியூஷன் சென்டர். ஏசி, கேமரா எல்லாம் உண்டு. ஷெரீப் பாய் இல்லை. சரோஜாக்காவும் கடைசிவரை தறியிலேயே உட்கார்ந்து போய்ச்சேர்ந்தாள்.

பையன் வெளியே இன்னும் காலிங்பெல்லை அழுத்திக்கொண்டிருந்தான். நான் உள்ளே நாற்காலியில். கால் தானாக ஆடியது. இடது, வலது. ஐந்து காரணமும் வரிசையாக வந்தன.