உடும்புக்கு ஒரு சீட்

சீட் கவர் தைப்பவருக்கு மனிதர்களின் முகம் அவ்வளவாக ஞாபகம் இருக்காது. உட்காரும் விதம்தான் மனசில் நிற்கும். "யாரு, பர்ஸ் மேலயே உட்கார்ந்து ஒரு பக்கமா சாய்வாரே, அவரா?" என்று கேட்பார். ஸ்கூட்டர் முதல் பள்ளிக்கூட வேன் வரை, அந்தத் தெருமுனைக் கடையில் அவர் கை படாத வண்டி குறைவு. எப்பேர்ப்பட்ட ஆளையும் வசதியாக உட்கார வைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு மிதப்பு. மகள் பிறந்து எட்டு மாதத்தில் அந்த மிதப்பு நன்றாகவே இறங்கிவிட்டது.

மகளுக்கு வீட்டில் உடும்பு என்று பெயர். முறையான பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அம்மாவின் இடுப்பில் ஏறி, ஜாக்கெட்டைப் பற்றிக்கொண்டு அவள் பிடிக்கும் பிடிக்கு இதுதான் பொருத்தம். பாயில் விட்டால் அழுகை. தொட்டிலில் விட்டால் அழுகை. மெத்தை என்றால் முதுகு படுவதற்கு முன்பே அழுகை. அதுவும் சும்மா சிணுங்கல் இல்லை, ஊரைக் கூட்டுகிற ரகம். அப்பா தூக்கினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பாள். பிறகு மெல்ல மெல்ல வழுக்கி அவர் முழங்காலுக்கு வந்துவிடுவாள்.

"உங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே புள்ள உட்காரும்? மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே பலகை," என்று சிரிப்பாள் மனைவி.

மனைவி டவுன் பஸ் ஓட்டுபவள். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு உடம்பில் ரத்தம் ஓடும். கர்ப்பமாக இருந்தபோது கடைசியாக வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்த அன்று, பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வருகிற தாய் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது விடுப்பு முடிகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. உடும்பு கடையில் அப்பாவோடுதான் இருந்தாக வேண்டும்.

"உங்ககிட்ட தங்க மாட்டான்னா, நான் வேலைய விட்டுடறேங்க," என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. அழவில்லை, கோபிக்கவில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

இடுப்பு இல்லையென்றால் என்ன, தைத்துக்கொண்டால் போகிறது என்று முடிவு கட்டினார். இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே பிள்ளையை உட்கார வைக்கிற பெல்ட் ஒன்றைக் குழந்தைச் சாமான் கடையில் தொங்கப் பார்த்திருந்தார். அதை வாங்கியிருக்கலாம். ஆனால் சீட் தைப்பவன் சீட்டைக் காசு கொடுத்து வாங்கினான் என்றால் ஊர் சிரிக்காதா? பழைய காரின் சீட் பெல்ட்டைக் கழற்றி அரைக்கச்சை ஆக்கினார். உள்ளே சின்னப் பலகை, அதன்மேல் கெட்டி ஃபோம், அதன்மேல் மெத்து ஃபோம். ஓரம் சுற்றிலும் வெள்ளையில் பைப்பிங் கரை. சாய்ந்துகொள்ள முதுகுப் பக்கம், அதற்கு மேல் தலை வைக்க ஒரு குட்டித் திண்டு. ஒரு குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு, உடும்பைத் தெருவைப் பார்த்தபடி முன்பக்கம் உட்கார வைத்தார். வேனுக்கு சீட் மாற்ற வந்திருந்த வேன்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, ஏசி உண்டா, இல்ல ஜன்னலைத் திறந்துக்கணுமா?"

அவர் பதில் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. உடும்பு கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஃபோமை மாற்றினார், அழுகை. உயரத்தைக் குறைத்தார், அழுகை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தைத்த சீட்டில் ஒரு ஆள் உட்கார மாட்டேன் என்கிறது. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பஸ் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டாள். போட்டு முடித்து, அதை அலமாரியில் மற்ற துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, வந்தது வரட்டும் என்று பிள்ளையை மறுபடியும் கட்டிக்கொண்டு வேனுக்குள் அளவெடுக்க ஏறினார். குனிந்தால் தலைத்திண்டு தாடையில் இடித்தது. மறுபடி குனிந்தார், மறுபடி இடித்தது. எரிச்சலில் பிளேடை எடுத்து, முதுகுப் பக்கத்தையும் திண்டையும் தையல் பிரித்து ஒரு மூலையில் எறிந்தார். குனிவதற்கு வாகாக இருக்கட்டும் என்று பெல்ட்டை இடப்பக்கம் நகர்த்தி, பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்து, இடது கையால் அணைத்துக்கொண்டார். உடும்பு இரண்டு காலையும் போட்டு அவரைக் கவ்விக்கொண்டது. காதை அவர் விலாவில் வைத்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டு, துணியோடு சேர்த்து ஒரு பிடி பிடித்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். இத்தனை வருஷமாக ரோட்டைப் பார்த்து உட்காருகிறவர்களுக்கே தைத்த புத்தி, இவளுக்கும் ரோட்டைக் காட்டியிருக்கிறது. ஆளுக்கும் பிள்ளைக்கும் நடுவே நல்ல கெட்டி ஃபோமாகப் பார்த்து வேறு வைத்திருக்கிறது! இவள் டிரைவரைப் பார்க்க வந்த பாசஞ்சர் அல்லவா? அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேன்காரரைக் கூப்பிட்டு வலியக் காட்டினார்.

மனைவிக்கு நம்பிக்கை பாதிதான் வந்தது. அவளுடைய பஸ் கடை வாசல் வழியாகத்தான் போய் வரும்; கடைசி ஸ்டாப்பும் கூப்பிடு தூரத்தில்தான். "சமாளிக்க முடியலன்னா வாசல் ஆணியில சிவப்பா ஏதாவது தொங்கவிடுங்க. நான் வண்டிய வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு வந்துடறேன். அதோட வேலையும் போதும்," என்றாள்.

"அதெல்லாம் தேவைப்படாது."

"தேவைப்பட்டா?"

"சரி, சிவப்பு," என்றார்.

திங்கட்கிழமை காலை உடும்பு இடுப்பில் ஏறினாள். அவளோடு அவர் தையல் மெஷின் பக்கம் போகவில்லை. அந்த வேலையை மனைவி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கவர் பிரிப்பது, அளவு குறிப்பது, வந்தவர்களிடம் பேசுவது என்று பொழுது ஜோராக ஓடியது. பேச்சு நடுவே பிள்ளையும் ஏதோ சொல்லும். அவரும் "ஆமாம்மா, நீ சொன்னா சரிதான்," என்பார். வாயெல்லாம் பல். வேன்காரர் சீட்டுக்கான புது ரெக்சினைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்டபடி மடித்திருந்ததில் சுருக்கம் விழுந்திருந்தது. வெயிலில் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும். வழக்கம்போல வாசல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தடதடவென்று சத்தம். சீருடையோடு மனைவி மூச்சிரைக்க நிற்கிறாள்.

"என்னம்மா, வண்டி நின்னுபோச்சா?"

அவள் வாசலைக் கை காட்டினாள். ஆணியில் வேன்காரரின் ரெக்சின், ரத்தச் சிவப்பில், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அப்போதுதான் அவர் இடுப்பைப் பார்த்தாள். உடும்பு வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, சட்டைப் பையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கண்ணிலேயே தண்ணீரும் வந்தது. சந்தோஷம்தான், கூடவே, தான் இல்லாமல் இவள் தூங்கிவிட்டாளே என்று கொஞ்சம் வலித்தது. பழக்கத்தில் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம், தூங்கட்டும்," என்றாள் கிசுகிசுப்பாக. பைப்பிங்கை விரலால் தடவினாள். "என் இடுப்புல இந்த மாதிரி அலங்காரமெல்லாம் இல்லையே. அதான் கட்சி மாறிட்டா. நான் போறேங்க, வண்டிய இன்னும் யார்கிட்டயும் கொடுக்கல, கடைசி ஸ்டாப்புல ஜனம் ஏறி உட்கார்ந்திருக்கு."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். அவர் அவசரமாகப் போய் ரெக்சினைக் கழற்றி உள்ளே எறிந்தார்.

பஸ் திரும்பி வந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. கடை வாசலில் அவள் ஹாரனை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். உடும்பு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். உதடு பிதுங்கியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள், நிதானமாக. ஆள் சரிதான் என்று தெரிந்ததும், கையை மறுபடி சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.