வாசலில் கட்டச் சொன்ன கொடி

என் தங்கை தாமரைச்செல்வியைப் பற்றிக் கருவடிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "அவளுக்கென்ன, பிரெஞ்சு மாப்பிள்ளைய கட்டினவ." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என்னவோ பல்லக்கில் ஏறிப் போன மாதிரி. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் பட்டது தெரிந்தால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

எங்கள் அப்பா கன்னியப்பன் மில் தொழிலாளி. மில்லில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவர், அதற்கப்புறம் ஒரு வேலைக்கும் போகவில்லை. நான் பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். செல்வி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். என் வாய்க்கும் அவள் வாய்க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் வாயில்லாப் பூச்சி. பக்கத்துத் தெருப் பெண்கள் தைத்து முடித்த ஜாக்கெட்டை மூன்று தடவை பிரிக்கச் சொன்னாலும் பிரிப்பாள். நான்தான் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன்.

இப்படிப்பட்டவளைத்தான் அரிகிருஷ்ணன் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சொல்தா குடும்பம் என்றால் தனி மவுசு. அவர் மனைவி இறந்து வெகுநாளாகிவிட்டது. ஒரே மகன் கலைவாணன். பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில், அபிஜான் என்ற ஊரில், மீன் பதப்படுத்தும் ஐஸ் ஆலையில் மெக்கானிக். தங்கமான பிள்ளை, அதை நான் மறுக்கவே மாட்டேன். முதலில் நகராட்சி ஆபீசில் பதிவுக் கல்யாணம், அப்புறம்தான் கோயிலில் தாலி. பதிவு இல்லாவிட்டால் பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணம் செல்லாது என்பதால் பிரெஞ்சு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள் அந்த விஷயத்தில் கறாராக இருப்பார்கள். அம்மாவும் இருந்தாள்.

செல்வி அபிஜானுக்குக் கிளம்பும்போது பெட்டி கட்டினோம். ஊறுகாய், அப்பளம், சாம்பார்ப் பொடி எல்லாம் வைத்த பிறகு அரிகிருஷ்ணன் மாமா உள்ளேயிருந்து ஒரு துணியைக் கொண்டு வந்தார். இஸ்திரி போட்டு நாலாக மடித்த பிரெஞ்சுக் கொடி. இளம் வயதில் அவர் அல்ஜீரியாவில் இருந்தபோது கலவரத்தில் ஒரு தெருவுக்குள் போனார்களாம். ஜன்னலில் கொடி தொங்கிய வீட்டைப் பார்த்துத்தான் உள்ளே ஒளிந்திருந்த குடும்பத்தை லாரியில் ஏற்றிக் காப்பாற்றினார்களாம். ஆபத்து என்று வந்தால் வாசலில் கட்டு, நம்ம ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றார். இவளும் சாமி பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கே போயும் அவள் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மாமாவுக்கு போன். குழந்தைக்கு எந்த மாதம் மொட்டை அடிப்பது, பால்காரனை மாற்றலாமா, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். எனக்குப் போன் பண்ணினால் நான் திட்டுவேன். உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பேன். சிரிப்பாள். அவள் மகள் சரிதாவுக்கு அப்போது மூன்று வயது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாமா வீட்டில்தான் இருந்தேன். குழந்தைக்கு எடுத்த தீபாவளிப் பாவாடையைக் காட்டப் போயிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். செல்வி எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை, மாமாவைக் கூப்பிடு என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் டப் டப்பென்று சத்தம் கேட்டது. எங்கள் தெருவிலும் பசங்கள் வெடி விட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அவள் சொன்னது இதுதான். ஊருக்குள் கலவரம். முந்தின நாள் காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆலைக்குப் போன கலைவாணன் திரும்பவில்லை. பாலத்தை மூடிவிட்டார்கள். வாட்ச்மேன் வரவில்லை. பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து போன் வந்தது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள், வழி திறந்ததும் ஆட்கள் வந்து அழைத்துப்போவார்கள் என்று. தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருக்கும், நம் நாட்டிலிருந்து போன சிந்திக்காரக் குடும்பம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். மாமா ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் எல்லாம் என் காதிலும் விழுந்தது.

"போவட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"ஊட்ட வுட்டு அசையாத. அவங்ககிட்ட இருக்கிறது நம்ம ஊட்டு விலாசம். நீ வேற எடத்துக்குப் போயிட்டா உன்ன எங்கன்னு தேடுவாங்க? பெட்டியில கொடி இருக்குதில்ல, எடுத்து கேட்டுல நல்லாத் தெரியிற மாதிரி கட்டு. நம்ம ஆளுங்க வருவாங்க."

"சரிங்க மாமா."

அத்தோடு லைன் போய்விட்டது.

சாயங்காலச் செய்தியில்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அந்த நாட்டு விமானம் குண்டு போட்டதில் பிரெஞ்சு சிப்பாய்கள் இறந்திருக்கிறார்கள். பதிலுக்கு பிரெஞ்சு ராணுவம் அந்த நாட்டு விமானங்களை நொறுக்கிவிட்டது. ஊரே கொதித்துப்போய் பிரெஞ்சுக்காரர்களின் வீடுகளைத் தேடித் தேடி உடைக்கிறது. டீவியில் ஒரு வீட்டின் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு கேட்டில்தான் இந்த மனிதர் என் தங்கையைக் கொடி கட்டச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயசு, சம்பந்தி மரியாதை எதையும் பார்க்கவில்லை. "எம் பொறந்தவள வெட்டுக்கு அனுப்பிட்டு இங்க உக்காந்து டீவி பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். மணி அடிக்கவே இல்லை. நம்பர் தப்பும், மறுபடியும் முதலிலிருந்து அழுத்துவார். அதைப் பார்த்தும் எனக்கு மனசு இரங்கவில்லை. அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு இங்கேயுள்ள பிரெஞ்சு கான்சலேட்டுக்குப் போனேன். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு நம்பிக்கையில்லை. கோட்டுப் போட்டு, வெள்ளை முழுக்கால் சட்டை போட்டு, கம்பீரமாகத்தான் வந்தார். எங்களைப்போல இன்னும் சில குடும்பங்கள் அங்கே நின்றார்கள். ஒரு அம்மாள் பொறுமையாக ஒவ்வொருவரிடமும் பெயர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் விசாரித்தாள். மாமா பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தவர், வீட்டு அடையாளம் என்று கேட்டதும் நிறுத்திவிட்டார். பிறகு தரையைப் பார்த்தபடி என்னவோ சொன்னார். அந்த அம்மாள் எழுதுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஆனால் கொடியைப் பற்றித்தான் சொன்னார் என்று புரிந்தது. அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. அங்கே போன் ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன். அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டு, செல்விக்குப் பார்சல் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். கம்பெனியில் சோப்பை அடுக்கும்போதும் அந்தக் கேட்டுதான் கண்ணில் நின்றது. அவள் கட்டியிருப்பாள். மாமா சொன்னால் கட்டாமல் இருப்பாளா? பிறந்ததிலிருந்து ஒரு பேச்சைத் தட்டினவளா அவள்? சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று அவளைக் கொண்டாடினார்களே, அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து கலைவாணன் போனில் பேசினான். உயிரோடு இருக்கிறான், பிரெஞ்சு ராணுவ முகாமில் இருக்கிறான். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவன் கேட்ட முதல் கேள்வியிலேயே அது மறுபடியும் போய்விட்டது. செல்வி உங்களுக்குப் போன் பண்ணினாளா என்று கேட்டான். ராணுவ வண்டி அவர்கள் தெருவுக்குப் போய் வந்ததாம். வீடு எரிந்து கிடக்கிறதாம். உள்ளே யாரும் இல்லையாம். மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பட்டாளத்துக்காரர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள்தான் நல்ல சேதி வந்தது. கலைவாணன்தான் பேசினான், செல்வி கிடைத்துவிட்டாள் என்று. சிந்திக்காரர் வீட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் குழந்தையோடு இருந்திருக்கிறாள். அவர்களே வெள்ளைத் துணி கட்டின வேனில் முகாமுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து விமானத்தில் பாரிஸ். பாரிஸில் என்னென்னவோ உதவி செய்கிறார்கள், அங்கேயே இருங்கள், குழந்தைக்கு நல்லது என்று மாமா போனில் சொன்னார். செல்வி சரிங்க மாமா என்று சொல்லவில்லை. ஊருக்கு வர்றேன் என்றாள். கலைவாணன் அங்கே வேலை தேட நின்றுகொண்டான், அவள் குழந்தையோடு வந்துவிட்டாள்.

சென்னை ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் என்னிடம்தான் சொன்னாள். மாமா முன்சீட்டில் இருந்தார். போன் கட்டானதும் கொடியை எடுத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் போயிருக்கிறாள். நுனியைக் கம்பியில் முடிந்தும்விட்டாள். எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கேட்டைக் கூட்டம் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தது. பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வந்து கொடியை அடுப்பில் வைத்து எரித்தாள். சரிதாவின் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் குழந்தையின் ஜட்டிக்குள் செருகினாள். பட்டுப்புடவையைக் கட்டினாள், நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள், தன் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். நடுவில் நாலு பேர் மறித்தார்கள். இந்தியா, இந்தியா என்று மட்டும் சொன்னாளாம். ஒருத்தன் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வழி விட்டானாம். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மாமா வீட்டுக்கு வந்ததும் செல்வி குழந்தைக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். மாமா அடுக்களை வாசலில் வந்து நின்றார். காரில் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். கொடியை எரித்ததற்குக் கோபப்படப் போகிறாரோ என்று நான் தயாராக நின்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"நீ செஞ்சதுதாம்மா சரி," என்றார். "ஆனா நம்ம ஆளுங்க... அவங்க ஊட்டுக்கு வந்தாங்கதானே?"

செல்வி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"வந்தாங்க மாமா. சிந்திக்காரங்க மாடியிலேருந்து பாத்தேன். மைக்குல எம் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாங்க. நான் போறதுக்குள்ள வண்டி திரும்பிடுச்சி. நீங்க சொன்ன மாதிரியே நம்ம ஊட்டு வாசலுக்குத்தான் வந்தாங்க. ஊடு எரிஞ்சி ஆறினப்பறம் வந்தாங்க."