அரப்புப் போட்டுக் கழுவிய துண்டுகள்

முதலில் ஆய்வகச் சீனியர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எருமப்பட்டிப் பக்கம் அப்பாவும் அம்மாவும் வேலை செய்யும் கோழிப்பண்ணையின் தண்ணீர்த் தொட்டியில் நான்கு பிளாஸ்டிக் துண்டுகளை ஒரு மாதம் தொங்கவிட்டிருந்தேன். இரண்டில் நான் தயாரித்த பாலிமர் பூச்சு. அடையாளத்துக்கு ஓரத்தில் துளையிட்ட மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக். பாலிமர் ஒரு சங்கிலி என்றால் அதன் ஒவ்வொரு கண்ணியும் மோனோமர். என் மோனோமர் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர்ப்படலத்தைத் தாண்டி அழுக்கிலுள்ள புரதம் ஒட்டாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மோனோமரை விலைக்கு வாங்கவில்லை, நானே செய்தேன்.

அம்மா துண்டுகளை எடுத்து பஸ்சில் கொடுத்துவிட்டாள். சேலத்தில், எங்கள் ஆய்வகத்தில், அவற்றைச் சாயத்தில் நனைத்தேன். புரதம் ஒட்டிய இடம் நீலமாக வேண்டும். நான்கிலும் நீலமே இல்லை.

பூச்சில்லாத துண்டு எப்படிச் சுத்தமாக இருக்கும்? சாயத்தில் முட்டை வெள்ளைக்கருவை ஒரு சொட்டு விட்டேன், உடனே நீலமானது. அப்படியானால் யாரோ துண்டுகளை மாற்றியிருக்க வேண்டும். “கோழித்தண்ணில டெஸ்ட்டா? அப்ப ரிசல்ட்டும் முட்டைதான்” என்று சிரித்த சீனியரின் மேசை என்னுடையதற்குப் பக்கத்தில்தான். ஆனால் நான் சூடான ஊசியால் போட்ட துளைகள் கோணல்கூட மாறாமல் இருந்தன.

வியாழக்கிழமை ஆய்வுக்குழு கூடவிருந்தது. முடிவு வராவிட்டால் ஆய்வேட்டிலிருந்து இந்தப் பூச்சு பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார் என் வழிகாட்டி. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“தொட்டில இருந்து எடுத்து என்னம்மா பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணுலியே சாமி. கழுவித்தான் போட்டுவுட்டேன்.”

“கழுவுனியா?”

“பின்ன? பண்ணைக்காரி புள்ள சாமான் நாறுதுன்னு உங்க காலேசுல சொல்லோணுமா? தலைக்குத் தேய்க்கிற அரப்புப் போட்டு நாருல தேச்சேன்.”

“நாலையுமா?”

“ஓட்ட போட்ட ரெண்டுலயும் அழுக்கு லேசுல போவுல, தேச்சுத் தேச்சுத்தான் போச்சு. மத்தது தண்ணி ஊத்துனதுமே பளிச்சுன்னு ஆயிருச்சு.”

நான் கேட்கக் காத்திருந்தது அதைத்தான். அதனாலேயே நம்ப முடியவில்லை. துளைக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அப்பாவிடம் ஒருமுறை சொன்னேனோ?

“எனக்காவ சொல்றியாம்மா?”

“நீ ஆரத்தான் கண்ணு நம்புவ?”

வியாழக்கிழமை அவகாசம் மட்டும் கேட்டேன், கொடுத்தார்கள். புதுத் துண்டுகளை நானே தொட்டியில் கட்டினேன். கழுவவே கூடாது என்றதும் அம்மா “செரி” என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. துண்டுகளை எடுக்கிற நாளில், அம்மா தொட்டியில் கை வைக்கும் முன், முதல் பஸ்சிலேயே வந்துவிடுவதென்று முடிவு செய்தேன்.