எல்லா போனும் ஒண்ணா அடிச்ச மத்தியானம்

"நீங்களே கடையில உக்காந்து எழுதின மனுதானம்மா இது?"ன்னு போன்ல அந்த ஆள் கேட்டப்ப நான் தராசுல துவரம்பருப்பு நிறுத்துக்கிட்டிருந்தேன். பாதிப் பருப்பு தட்டுல, பாதிப் பருப்பு தரையில.

பேசினது எங்க தொகுதி எம்.எல்.ஏ.வோட பி.ஏ. குரல்ல மரியாதை இருந்துச்சு, பேச்சுல இல்ல. "இம்புட்டுப் பேரு கையெழுத்துப் போட்டு நம்பர் எழுதியிருக்கீங்க. காலையில இருந்து அடிக்கிறேன். ஒருத்தராவது எடுக்கணுமா இல்லையா? உங்க நம்பர் ஒண்ணுதான் உசுரோட இருக்கு"ன்னாரு.

எனக்குக் கோபம் பொசுக்குன்னு வரும். "உன்ன மிளகா வத்தல் மூட்டைமேலயா பெத்துப் போட்டாக?"ன்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாக. பலசரக்குக் கடையில உக்காந்திருக்கிறவளுக்கு அது ஆகாதுதான், தெரியும். ஆனா அந்த மனுவுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குல்ல தெரியும்.

எங்க ஊரு ஏழாயிரம்பண்ணைப் பக்கம். ஊரைச் சுத்திக் காடு, காட்டுக்குள்ள பட்டாசு யூனிட்டுக. ஊருக்குள்ள அரசுப் பள்ளிக்கூடம் எட்டாப்பு வரைக்கும். ஒம்பதாப்புக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல போகணும். காலையில ஒரு பஸ்ஸு, அதுவும் வந்தா வரும், வராட்டி இல்ல. சாயங்காலம் திரும்பி வர இருட்டிரும். வசதி உள்ளவன் பிரைவேட் ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுறான். மத்த பொம்பளைப் புள்ளைகளுக்கு எட்டாப்போட படிப்பு முடிஞ்சுபோகும். கொஞ்ச வருசம் வீட்ல உக்காந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுத்துங்க. வயசு வந்ததும் அம்மாக்காரி போற யூனிட் வேன்லயே ஏறிருங்க. வருசா வருசம் இதுதான் நடக்கு.

என் சின்ன மக அங்கன ஆறாப்பு படிக்கா. அதனால பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னையத் தலைவியாப் போட்டாக. பேரு என்னமோ பெருசு. கூட்டத்துக்கு டீயும் முறுக்கும் எங்க கடையில இருந்துதான் போகும், அம்புட்டுதான் அதிகாரம். அந்த வருசம்தான் முதல் தடவையா, ஒம்பதாப்பு நம்ம ஊர்லயே வேணும்னு மனுப் போடுவோம்னு கிளம்பினேன். காரணம் எதுத்த வீட்டுக்காரியோட மக.

எதுத்த வீட்டுக்காரி யூனிட்ல வேலை பாக்குறா. புருசன் லோடு லாரியில வடக்க போனா மாசம் ஒருக்கா முகம் காட்டுவாரு. ஒத்தைப் பொட்டப் புள்ள, எட்டாப்பு முடிக்கப் போகுது. சரியான வாயாடி. கடைக்கு வந்தா முட்டையைத் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவா. "ஏன்டி, நான் என்ன கூமுட்டையா விக்கேன்?"னு கேட்டா, "உங்கள நம்புறேன் அத்தை, கோழிய எப்படி நம்புறது?"ம்பா. அந்த வாய் குழாய் சுத்துற பலகைக்கு முன்னாடி மூடிப்போறத என்னால நினைச்சுப் பாக்க முடியல.

எங்க வீட்டுக்காரர், "நம்ம புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அப்புறம் ஸ்கூல் வேன்ல அனுப்பிக்கலாம். உனக்கு எதுக்கு ஊர் வம்பு?"ன்னாக. "ஊர்ல இருந்துக்கிட்டு ஊர் வம்பு வேணாம்னா எங்கிட்டுப் போறது?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். சரக்கு மூட்டையை இறக்கப் போயிட்டாக.

யூனிட் வேன் விடியக்காலம் எங்க கடை வாசல்லதான் வந்து நிக்கும். அங்கனயே வச்சு வேனோட பக்கத்துத் தகரத்துல தாளை அழுத்தி வச்சு ஒவ்வொருத்தியா கையெழுத்துப் போட்டாக. ஹெச்.எம். டீச்சர் சொல்லியிருந்தாக, போன் நம்பர் இல்லாத மனு நேரா குப்பைக்குத்தான் போகும்னு. அதனால ஆளாளுக்கு நம்பரும் எழுதினாக. அங்கதான் கோட்டை விட்டோம். அந்த நம்பருக்கு நிசமாவே ஒரு ஆள் கூப்பிடுவான்னு எங்கள்ல ஒருத்திக்கும் தோணல. நமக்கு எந்த ஆபீஸ்காரன் கூப்பிட்டிருக்கான், இவன் கூப்பிட?

கையெழுத்துப் போட்டவளுக அம்புட்டுப் பேரும் பகல்ல யூனிட்டுக்குள்ள இருப்பாளுக. வெடிமருந்து இருக்கிற எடத்துக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. கேட்லயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில போட்டு வாட்ச்மேன்கிட்ட வச்சிருவாக.

இதைத்தான் பி.ஏ.கிட்ட சொன்னேன். "சார், ஆறு மணிக்கு மேல அடிங்க, வீட்டுக்கு வந்துருவாக."

"ஆறு மணிக்கு ஐயா ரயிலுக்குக் கிளம்பிருவாரும்மா. சட்டசபையில பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை வருது. அதுல பேச வேண்டியதைப் பையில எடுத்து வச்சுக்கிட்டிருக்கோம். போன தடவை ஒரு மனுவுல செத்தவங்க கையெழுத்தெல்லாம் இருந்து ஐயாவுக்கு அசிங்கமாப் போச்சு. சரிபாக்காம நான் வைக்க மாட்டேன்."

"இந்த வருசம் விட்டா அந்தப் புள்ளைக படிப்பு போச்சு சார்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. இங்க நாலு பேரு இருக்கோம். நாலு போன்ல இருந்தும் இன்னொரு சுத்து அடிச்சுப் பாக்குறோம். யாரும் எடுக்கலைன்னா விட்ருங்க"ன்னு சொல்லி வச்சுட்டாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாக.

பருப்பைக் கூட்டி அள்ளிக்கிட்டே அந்த ஆளைத் திட்டிக்கிட்டிருந்தேன். நாலு போன்லயும் அடிப்பானாம். அடிக்கட்டும், விரல் தேயட்டும். அப்பத்தான் பகீர்னுச்சு. யா அல்லா!

வெளியூர்க்காரவுகளுக்கு இது தெரியாது. எங்க பக்கம் எங்கயாவது புகை தெரிஞ்சா, சத்தம் கேட்டா, அடுத்த நிமிசம் ஊரே போனை எடுக்கும். எந்த யூனிட்டுன்னு தெரியாதுல்ல. அவுகவுக ஆளுக்கு அடிச்சுப் பாப்பாக. கேட்டுல இருக்கிற ட்ரேயில விடாம ஒண்ணு மேல ஒண்ணா எல்லா போனும் அடிக்குதுன்னா வாட்ச்மேனுக்கு ஒரே அர்த்தந்தான், பக்கத்துல எங்கயோ வெடிச்சிருச்சு.

பி.ஏ. நம்பருக்கு அடிச்சேன். பிஸி. திரும்ப அடிச்சேன். பிஸி. எங்க வீட்டுக்காரர்கிட்ட கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு டி.வி.எஸ்ஸை எடுத்தேன். எடுக்கும்போதே தெருவுல ஆளுக வெளிய வந்து நின்னுக்கிட்டிருக்காக. காதுல போனு, கண்ணு காட்டுப் பக்கம்.

"எங்கன வெடிச்சுச்சு? எந்த யூனிட்டு?"

"எங்கயும் வெடிக்கல. ஒண்ணும் இல்ல, போங்க!"

ஒருத்தரும் நம்பல. நம்ப மாட்டாகதான். நிசமா நடக்கும்போதும் முதல்ல ஒண்ணும் இல்லன்னுதானே சொல்லுவாக. ஒரு கிழவர் வண்டிக்குக் குறுக்க வந்து, "எம் மருமக உள்ள இருக்காம்மா, மறைக்காமச் சொல்லு"ன்னு கெஞ்சுறாரு. சத்தியமா ஒண்ணும் இல்லன்னு கத்திட்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

நான் பயந்த மாதிரியே ஆயிருந்துச்சு. வாட்ச்மேன் போர்மேன்கிட்ட ஓடியிருக்காரு. போர்மேன் எல்லாரையும் வெளிய வரச் சொல்லியிருக்காரு. வந்தவளுக ட்ரேயில இருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடிச்சு, "எங்கன வெடிச்சுச்சு?"ன்னு அழுதிருக்காளுக. வீட்ல இருக்கிறவுக, அவளுக அழுகுறதக் கேட்டு, வெடிச்சது அந்த யூனிட்லதான்னு நினைச்சுட்டாக. அங்கிட்டு இருந்து இங்கிட்டு அழுகை, இங்கிட்டு இருந்து அங்கிட்டு அழுகை. வெடிக்காத வெடிக்கு ஊரே மாரடிச்சுக்கிட்டிருந்துச்சு.

நான் போய்ச் சேந்தப்ப எல்லாரும் கேட்டுக்கு வெளிய ரோட்டோரத்துல நிக்காக. கையெல்லாம் முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி மினுமினுங்குது. அந்தக் கையாலயே போனைத் தடவித் தடவி, தெரியாத நம்பர்ல இருந்து வந்த அழைப்பத் திருப்பி அடிச்சுக்கிட்டிருக்காக. நான் தொண்டை கிழியச் சொல்றேன், ஒரு காதுலயும் ஏறல. எதுத்த வீட்டுக்காரி மண்ணுல உக்காந்துட்டா. அவளுக்குத்தான் லைன் கிடைச்சது. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா.

"யாருங்க? யாருக்கு என்ன ஆச்சுங்க? எம் மக பள்ளிக்கூடத்துல இருக்காங்க..."

"அம்மா, அழாதீங்க, இது எம்.எல்.ஏ. ஆபீஸ்."

அவ்வளவுதான். ஐயோன்னு ஒரு கூப்பாடு. சுத்தி நின்னவளுகளும் தலையில அடிச்சுக்கிட்டாளுக. பி.ஏ.வுக்கு ஒண்ணும் புரியல. அந்த ஆள் "எம்.எல்.ஏ. ஆபீஸ்மா, எம்.எல்.ஏ. ஆபீஸ்"னு அழுத்தி அழுத்திச் சொல்ல, இங்க அழுகை கூடுது. எங்க பொம்பளைக எம்.எல்.ஏ.வைப் பாத்ததெல்லாம் எழவு வீட்டுலதான். வாசல்ல பந்தல் போட்டிருக்கும், கையில மாலையோட வருவாரு.

நான் அவ கையில இருந்து போனைப் பிடுங்கினேன். "ஏன்யா, நீ மனுசன்தானா? ஆறு மணிக்கு மேல அடின்னு சொன்னேனா இல்லையா? பட்டாசு யூனிட்ல இருக்கிறவளுகளுக்கு எல்லாரும் சேந்து அடிச்சா என்ன நினைப்பாக? இந்தத் தொகுதியிலதானே இருக்கே? கேளு, நல்லாக் கேளு. இவளுகதான் உன் போலிக் கையெழுத்து!"ன்னு சொல்லிப் போனைக் கூட்டத்துக்கு நேரா நீட்டிப் பிடிச்சேன். நானும் அழுதுக்கிட்டிருக்கேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது.

அந்தப் பக்கம் போன் கை மாறுச்சு. பெறகு வேற குரல். "நான்தாம்மா பேசுறேன்." எம்.எல்.ஏ. "முதல்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க, எங்கயும் எதுவும் நடக்கல. பள்ளிக்கூட மனு விஷயமா எங்க ஆளுங்க கூப்பிட்டிருக்காங்க. தப்புதான். அந்த அம்மாகிட்ட குடுங்க."

ஸ்பீக்கர்ல அவரே சொன்னதுக்குப் பெறகுதான் ஒவ்வொருத்தியா அடங்கினா. அழுகை நின்னதும் கோபம் வந்துச்சு. ஒருத்தி பி.ஏ.வோட ஏழு தலைமுறையையும் இழுத்தா, நான் தடுக்கல. எதுத்த வீட்டுக்காரி மூக்கைச் சேலையில துடைச்சுட்டுப் போனை வாங்கினா.

"மனுவுல கையெழுத்து நீங்க போட்டதுதானாம்மா?"

"நாந்தாங்க போட்டேன். எம் மக எட்டாப்பு..."

பாதியிலயே நிறுத்திட்டா. ரோட்டுல அவ மக ஓடி வந்துக்கிட்டிருக்கா. யூனிபார்ம், கால்ல செருப்பு இல்ல, ஒரு பக்கத்துச் சடை அவுந்து கிடக்கு. பள்ளிக்கூடம் வரைக்கும் சேதி போயிருக்கு. யார் பிடிச்சும் நிக்காம அம்புட்டு வெயில்ல தார் ரோட்டுல ஓடி வந்திருக்கா. வெளிய நின்ன கூட்டத்தை அவ பாக்கவே இல்ல. அம்மா உள்ளதான் கிடக்குறான்னு நினைச்சு "அம்மா அம்மா"ன்னு நேரா கேட்டுக்குள்ள பாயப் போறா.

"ஏட்டி! உள்ள போகாத! கால வச்சே, கொன்னுருவேன்! அங்கனயே நில்லு!"

போனை வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிட்டே கத்தினா. அந்தப் புள்ள அப்படியே நின்னுச்சு. திரும்பி அம்மாவைப் பாத்துச்சு. பாத்ததும் நின்ன எடத்துலயே மடங்கி உக்காந்து வாந்தி எடுத்துச்சு. நான் ஓடிப்போய்த் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். அம்புட்டு வாய் பேசுற புள்ளைக்கு அன்னிக்கு ஒரு வார்த்தை வரல.

"என்னாச்சும்மா? யாரு?"ன்னு போன்ல கேக்குறாரு.

"எம் மகங்க. நான் செத்துட்டேன்னு ஓடியாந்திருக்கா"ன்னா இவ. மூச்சு வாங்குது. "இவ இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுதாங்க கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"மனு என் பையில இருக்கும்மா. நான் பேசுறேன்"னு மட்டும் சொன்னாரு.

போர்மேன் வந்து ஆர்டர் நிக்குதுன்னாரு. போனையெல்லாம் திரும்ப ட்ரேயில போட்டுட்டு அவளுக உள்ள போனாளுக. நான் புள்ளையை டி.வி.எஸ்ல ஏத்திக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தா.

அவர் சட்டசபையில பேசினாரு. பேசினா மட்டும் ஆயிருமா? வாரா வாரம் நாங்களும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். வேன்ல வந்து இறங்கினதும் கடை வாசல்லயே நின்னு ஆளுக்கு ஒரு வாரம் முறை வச்சுப் பேசினாளுக. பி.ஏ.வுக்குக் குரலை வச்சே ஆள் தெரிய ஆரம்பிச்சுருச்சு. உங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கும், அதுக்கு ஒரு குறை இருக்கும். உங்க எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு ஆபீஸ் இருக்கும். கூப்பிடுங்க. கூச்சப்படாதீக. அழுத புள்ளைதான் பால் குடிக்கும், அதுலயும் விடாம அழுத புள்ளை.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கவர்மெண்ட் ஆர்டர் வந்த சேதி தெரிஞ்சது. ஒம்பதாப்பு இந்த வருசமே. கணக்கு டீச்சர் மட்டும் இன்னும் போடல, அதுக்குத் தனியாக் கூப்பிட்டுக்கிட்டிருக்கோம். எதுத்த வீட்டுக்காரிகிட்ட நானே சொல்லணும்னு தெருவைத் தாண்டுறேன். அதுக்குள்ள பி.ஏ., அந்த மத்தியானத்துக்குப் பெறகு முதல் தடவையா, அவளுக்கே போன் போட்டுட்டாரு. மனுசன் நல்ல சேதியைத் தானே சொல்லணும்னு ஆசைப்பட்டிருக்காரு. அவ வாசல்ல நின்னு போனைக் காதுல வச்சிருக்கா, முகத்துல ரத்தமே இல்ல. மக உள்ள ரேடியோவுக்குச் சமமா சத்தம் போட்டுப் பாடிக்கிட்டிருக்கா, எனக்கே கேக்குது. இவ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே, போன்ல கேட்டுக்கிட்டிருந்தா: "சார், எம் மகளுக்கு என்ன ஆச்சுங்க?"